எந்தப் பொறியைக் கற்பது?

சென்ற வாரம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலிருந்து தோழர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். முப்பது ஆண்டுகளாக லேத்தின் முன் நின்று நின்று கால் நரம்பு புடைத்தவர். சங்கத்து வேலையாக வந்திருப்பார் என்று எண்ணினோம். இல்லை. பட்டப் படிப்பு முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகளைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

"தோழர், பெண் டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள். பயிற்சிக் கூடத்தில், மாக் கம்ப்யூட்டர் வைத்திருந்தால்தான் கம்பெனிக்காரன் மதிப்பான் என்று சொன்னார்களாம். பக்கத்து வீட்டுப் பையன், விண்டோஸ்தான் சோறு போடும் என்கிறான். அவள் சிநேகிதி ஒருத்தி, இரண்டும் வேண்டாம், லினக்ஸைப் படி என்கிறாள். வீட்டுக்காரியின் சங்கிலியை வங்கியில் வைத்து ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

சங்கிலி என்றதும் நமக்குச் சுருக்கென்றது. விளையாட்டாகப் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வி அல்ல இது. இவரைப் போல் இன்னும் எத்தனை வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கிறதோ! ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில், அந்த வேலைதான் என்ன? பொறியைச் செய்கிறவன் ஒருவன்; அதை ஓட்டுகிறவன் வேறொருவன். இருவருக்கும் நடுவில் நின்று, இதை இப்படித் திருகு, அதை இந்நேரத்தில் நிறுத்து, இங்கே கை வைக்காதே என்று எழுதிக் கொடுப்பவரே டெக்னிக்கல் ரைட்டர். பிரஷர் குக்கருடன் வருகிற சிறு புத்தகத்தையும் யாரோ ஒருவர் எழுதத்தான் வேண்டும். ஆகாய விமானத்தைப் பழுது பார்க்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களையும் யாரோ எழுதத்தான் வேண்டும். கணிப்பொறி உலகில் இந்த வேலை பிறந்தது 1949இல் என்பர். அவ்வாண்டு அமெரிக்க நாட்டின் பிலடெல்பியாவில் உருவான பினாக் என்னும் பொறிக்கு ஜோசப் சாப்ளின் என்பார் எழுதிய கையேடே கணிப்பொறிக் கையேடுகளுள் முதலாவது என்று சொல்லப்படுகிறது. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் இந்த எழுத்தையே தொழிலாகக் கொண்டு பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கணிப்பொறிக்கு ஆணை எழுதத் தெரியாவிட்டாலும், பொருளைத் தெளிவாக விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவர்க்கு அங்கே இடமுண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் நுழையக்கூடிய வாசல்தான். அதனால்தான் அந்த வாசலில் கடை விரித்திருப்பவர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மூன்று கட்சிகள். மூன்று கட்சியாரும் அடித்துப் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் சங்கடம்.

மாக் கட்சியார் பழம்பெருமை பேசுகிறார்கள். பேசட்டும், பொய் இல்லை. 1985இல் ஆப்பிள் நிறுவனம் லேசர் அச்சுப் பொறியைக் கொண்டுவந்தது; அதே ஆண்டில் ஆல்டஸ் நிறுவனத்தார் மாக் பொறிக்காகப் பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்புக் கருவியைக் கொண்டுவந்தனர். மேசைமேலேயே புத்தகத்தைக் கோத்து முடிக்கலாம் என்ற நிலை அன்று பிறந்தது. எழுத்துத் தொழிலுக்கும் மாக்குக்கும் உறவு உண்டானது அப்படித்தான். ஆனால் நாற்பதாண்டு முந்திய பெருமையைச் சொல்லி, இன்று ஒரு தொழிலாளி வீட்டு நகையை வங்கிக்கு அனுப்புவது எந்த நியாயம்?

பழைய கணக்கைப் புரட்டுவதென்றால் முழுவதையும் புரட்டுவோமே! பிரேம்மேக்கர் என்று ஒரு கருவி. பெரிய பெரிய கையேடுகளைத் தயாரிப்பவர்கள் பல்லாண்டுக் காலம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய கருவி. 1986இல் யூனிக்ஸ் வகைப் பொறிகளில் கண் திறந்தது. பின்னர் மாக்கிலும் விண்டோஸிலும் நடமாடியது. 1995இல் அதைச் செய்த நிறுவனத்தை அடோபி விலைக்கு வாங்கிற்று. 2004இல், மாக்கிற்கு இனிப் பிரேம்மேக்கர் கிடையாது என்று கதவைச் சாத்தியது. சில ஆண்டுகளில் யூனிக்ஸ் பொறிகளுக்கும் அதே கதி. பிறந்த வீட்டிலேயே இடமில்லாமல் போயிற்று! இன்று விண்டோஸில் மட்டுமே அது ஓடுகிறது. மாக்கில் பிரேம்மேக்கரைக் கற்றுப் பத்தாண்டு கைபழகிய எழுத்தாளரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? கருவி அவருடையதா என்ன!

"அப்படியானால் விண்டோஸ்தானே கதி?" என்று துள்ளுகிறார்கள் விண்டோஸ் கட்சியார். பொறுங்கள். உங்கள் வீட்டுக் கதையும் இருக்கிறது. 1990இல் விண்டோஸின் மூன்றாம் பதிப்போடு வின்ஹெல்ப் என்னும் உதவிப் பக்க முறை வந்தது. திரையில் ஐயம் எழுந்தால் உதவி என்பதை அழுத்துகிறோமே, அந்தப் பக்கங்களை எழுதுவதற்கென்றே ஒரு பெரும் படை உருவாயிற்று. அவர்களுக்கு ரோபோஹெல்ப் என்னும் கருவி கைகொடுத்தது. அதைச் செய்து விற்றது கலிபோர்னியாவின் சான்டியாகோ நகரில் இருந்த ஈஹெல்ப் நிறுவனம். 2003இல் அந்த நிறுவனத்தை மாக்ரோமீடியா விழுங்கியது. 2005இல் மாக்ரோமீடியாவை அடோபி விழுங்கியது. சிறிய மீனைப் பெரிய மீன், பெரிய மீனைத் திமிங்கிலம்! ரோபோஹெல்பை உருவாக்கியவர்களில் வெளியேறியவர்கள் சேர்ந்து அதே 2005இல் மேட்கேப் என்று புதிய நிறுவனம் கண்டு, பிளேர் என்னும் போட்டிக் கருவியைக் கொண்டுவந்தனர். இவ்வளவும் நடந்து முடிவதற்குள், வின்ஹெல்ப் முறையையே மைக்ரோசாப்ட் கைவிட்டது. 2007இல் கடைக்கு வந்த விஸ்டா பதிப்பில் அது இல்லை. அந்த முறை ஒன்றையே கற்று வைத்திருந்தவர் என்ன ஆவார் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எங்கோ அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லி மிரட்டுகிறோம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் அச்சுக்கூடத்துத் தோழர்களைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோத்த தோழர்களை நாம் அறிவோம். விரல் நுனியில் ஈயம் ஏறி, கண் மங்கி, மாலைக்குள் பக்கம் முடிக்க வேண்டுமென்று நின்றுகொண்டே உழைத்தவர்கள். கணிப்பொறி வந்ததும் அந்தப் பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று பேஜ்மேக்கரைக் கற்க அனுப்பினார்கள். பிள்ளைகளும் கற்றார்கள், கல்யாணப் பத்திரிகை, மாநாட்டுத் துண்டறிக்கை, சங்க மலர் எல்லாம் அதில்தான் உருவாயின. ஆனால் தமிழ் எழுத்துருவுக்கு அன்று பொது முறை வழக்கில் இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தாரும் ஒவ்வொரு விதமாக எழுத்துக்கு இலக்கம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் எழுத்துருவில் 'அ' என்று அடித்தது இன்னொருவர் பொறியில் புள்ளியும் கோடுமாக விழும். பேஜ்மேக்கரோ 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோயிற்று. அன்று அடித்து வைத்த புத்தகங்களைத் திறக்க வழியில்லாமல், அச்சிட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து அடிக்கிற கொடுமையை இன்றும் காண்கிறோம். அடித்த கை ஒன்று, ஆக்கமும் ஒன்று, ஆனால் பூட்டின் சாவி வேறொருவன் இடுப்பில்!

இதற்கு மாறாக இன்னொன்றையும் பாருங்கள். 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் பொது முறையில் தமிழுக்கும் இடம் தரப்பட்டிருந்தது. நம்மிடையே அது பரவுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின, உண்மைதான். ஆயினும் அந்த முறையில் அடித்த தமிழ், விண்டோஸில் திறந்தாலும் தமிழ், மாக்கில் திறந்தாலும் தமிழ், கையிலிருக்கும் தொலைபேசியில் திறந்தாலும் தமிழ். எவரிடமும் கப்பம் கட்ட வேண்டியதில்லை.

நாம் சொல்ல வருவது இதுதான். பொறி எது என்பதைவிட, எழுதுவது எந்த முறையில் கிடக்கிறது, அந்த முறை யாருடைய உடைமை என்பதே பெரிய கேள்வி. பயிற்சிக் கூடத்தார் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை! தொட்டால் அவர்கள் வியாபாரம் என்னாவது?

உடைமை இல்லாத முறைகள் இருக்கின்றனவா? இருக்கின்றன. வெறும் எழுத்தாக எழுதி, இது தலைப்பு, இது படிநிலை, இது எச்சரிக்கை என்று இடையிடையே அடையாளம் வைத்துக்கொண்டு போகும் முறைகள் அவை. 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் மூவர் தொடங்கிய குறியீட்டு முறை, 1986இல் உலகப் பொதுத்தரமாயிற்று. அதன் வழித்தோன்றலாக 1998இல் எக்ஸ்.எம்.எல். வந்தது; கையேடு எழுதுவதற்கென்றே அதன்மேல் வகுக்கப்பட்ட டிட்டா முறை 2005இல் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. மிக எளியதாக மார்க்டவுன் என்று ஒன்று. 2004இல் ஜான் குரூபர் வெளியிட்டது. ஒரு மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். எழுதியதன் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, யார் எதை மாற்றினார் என்பதையெல்லாம் கணக்கு வைக்கும் கிட் என்னும் கருவி 2005இல் வந்தது. அது இலவசம். எந்தப் பொறியிலும் ஓடும்.

"இவையெல்லாம் பிழைப்புக்கு உதவுமா?" என்று கேட்பார்கள். வேர்ட் என்னும் எழுத்துக் கருவியை உலகமெங்கும் விற்கிற மைக்ரோசாப்ட் நிறுவனம், தன் மென்பொருள்களைப் பற்றிய விளக்கப் பக்கங்களைப் பெரும்பாலும் எதில் எழுதுகிறது தெரியுமா? மார்க்டவுனில்! அவற்றுள் பலவற்றைக் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி திறந்தும் வைத்திருக்கிறது. ஊருக்கு விற்பது ஒன்று, வீட்டில் சமைப்பது வேறொன்று!

இனி லினக்ஸ் கட்சியார். இவர்கள் பேச்சு நமக்குப் பிடிக்கிறது, மறைப்பானேன்? விலை இல்லை, பூட்டு இல்லை. எழுத்துத் தொழிலுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உள்ள உறவு மாக்கைவிடப் பழையது. லினக்ஸ் பிறந்தது 1991இல். அதன் முன்னோடியான யூனிக்ஸ் வளர்ந்தது அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். அதைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குப் புதிய பொறி வேண்டியிருந்தது. மேலிடத்தார் பணம் தரத் தயங்கினார்கள். ஆவணங்களைத் தயாரிக்கும் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் பொறியைப் பெற்றார்கள். 1971இல் அந்த ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவுத் தட்டச்சாளர்களே அதன் முதல் வாடிக்கையாளர் ஆனார்கள். எழுதுகிறவன் போட்ட சோற்றில் வளர்ந்தது யூனிக்ஸ்! நிற்க.

ஆனால் இந்தக் கட்சியாரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேலைக்கு மனுப் போடுகிற பெண், அங்கே இருக்கிற கருவியில்தான் உட்கார வேண்டும். சென்னை நிறுவனம் பிரேம்மேக்கரோ, ரோபோஹெல்போ, பிளேரோ தெரியுமா என்று கேட்டால், நான் விடுதலை பெற்ற பொறியில்தான் எழுதுவேன் என்று சொல்லி அவள் வீட்டுக்குத் திரும்பி வர முடியுமா? கொள்கை பெரிது, மாதக் கடைசியும் பெரிது. அந்தக் கருவிகளுள் பிரேம்மேக்கர், பிளேர் ஆகியவற்றின் மேசைப் பதிப்புகள் இன்று விண்டோஸில்தான் ஓடுகின்றன. அலுவலகக் கடிதம், அட்டவணை எல்லாம் வேர்டிலும் எக்செல்லிலும்தான் வந்து போகின்றன.

ஆகவே தோழரிடம் நாம் சொன்ன முடிவு இது. மாக் வாங்க வேண்டாம். மட்டமான பொறி என்பதால் அல்ல. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய செலவு அது அன்று. வேலை கொடுக்கிறவர் மாக்கில் எழுதச் சொன்னால், மாக்கை அவரே மேசைமேல் வைப்பார். பழகுவதற்கு ஒரு வாரம் போதும். விண்டோஸ் ஓடுகிற சாதாரண மடிக்கணினி ஒன்று, 8 ஜிபி நினைவகத்தோடு இருந்தால் கற்பதற்கு அதுவே போதும். அதிலேயே லினக்ஸையும் ஓட்டிப் பார்க்க மைக்ரோசாப்ட்டே 2016 முதல் வழி வைத்திருக்கிறது.

வீட்டில் பழைய பொறி இருக்கிறதா என்று கேட்டோம். மூத்தவனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி பரண்மேல் கிடக்கிறது என்றார். 2011இல் தொடங்கி மாணவர்களுக்கு வழங்கினார்களே, அதில் ஒன்று. எடுத்துத் தூசி தட்டுங்கள் என்றோம். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புப் பராமரிப்பு முடிந்துவிட்டது. பழைய பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறுவதில்லை. நன்றாக உழைக்கிற பொறிகளைக் குப்பை என்கிறார்கள். அந்தக் குப்பையில் லினக்ஸ் ஓடும். அதுவும் இல்லையென்றால் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழைய பொறி ஒன்றைப் பேரம் பேசலாம். (யூனிக்ஸ் செய்த இருவரில் ஒருவர் பெயரும் ரிச்சி. நம் தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சொல்லத் தோன்றியது.) மார்க்டவுன், கிட், பிறகு டிட்டா என்ற வரிசையில் அதிலேயே கற்கலாம். விலைக்கு விற்கும் கருவிகளை முன்கூட்டியே வாங்கத் தேவையில்லை. நாள் கணக்கில் இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள், அந்த நாட்களில் ஒரு சிறு கையேட்டைச் செய்து முடித்துவிட வேண்டும். 2013இலிருந்து அடோபி தன் புகழ்பெற்ற வரைகலைக் கருவிகளின் புதிய பதிப்புகளைச் சந்தாவுக்குத்தான் தருகிறது. உழவன் ஏரை மாத வாடகைக்கு எடுக்கிற கதை!

தட்டச்சுப் பள்ளிக்குப் போன தலைமுறை நம்மில் இன்னும் இருக்கிறது. ரெமிங்டனில் கற்றவர் ஹால்டாவிலும் அடித்தார், கோத்ரெஜிலும் அடித்தார். கம்பெனிப் பெயரைச் சொல்லி யாரும் தேர்வு எழுதவில்லை. விரல்தான் கற்றது.

தோழர் எழுந்திருக்கவில்லை. இன்னொரு ஐயம் இருந்தது. "செயற்கை அறிவு என்று ஒன்று வந்து எல்லாவற்றையும் அதுவே எழுதிவிடுகிறதாமே? பெண் படித்து என்ன ஆகப் போகிறது?"

நியாயமான அச்சம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தத் தொழிலில் கலக்கம் இருப்பது மெய். 1953இல் வேர்விட்டு, டெக்னிக்கல் ரைட்டர்களுக்குத் தாய்ச் சங்கமாக விளங்கிய அமெரிக்க அமைப்பு, 2025 ஜனவரியில் திவால் என்று அறிவித்துக் கதவை மூடிவிட்டது. காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மறைத்து, வாருங்கள் வாருங்கள் என்று அழைக்க நாம் பயிற்சிக் கூடம் நடத்தவில்லை. எளிதான வேலை குறையும். இருப்பதைத் திருப்பி எழுதிக் கூலி வாங்கிய காலம் போய்விட்டது. பொறி சரளமாக எழுதுகிறது. ஆனால் எழுதியது மெய்தானா என்று அதற்குத் தெரியாது. திருகை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைப் பக்கத்தில் போய் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். அதைச் சரிபார்க்கிற கண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது. லேத் ஓட்டுகிறவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கண் இருக்காதா? ஐரோப்பிய விமானத் தொழிலார் 1980களில், பழுது பார்ப்பவர் பிழைபடப் பொருள் கொள்ளாதிருக்க, இன்ன சொல்லுக்கு இன்ன பொருளே என்று வரையறுத்த எளிய ஆங்கிலம் ஒன்றை வகுத்தார்கள். அதைக் கற்க எந்தக் கட்சிப் பொறியும் தேவையில்லை. அதையும் குறித்துக் கொடுத்தோம்.

பிறகு ஒரு வேலையும் கொடுத்தனுப்பினோம். "உங்கள் பட்டறையில் புதிதாகச் சேருகிற பையனுக்காக, லேத்தில் வேலையை மாட்டி ஓட்டத் தொடங்குவது எப்படி என்று அவள் ஒரே பக்கம் எழுதட்டும். நீங்கள் திருத்துங்கள்" என்றோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைத் தோழர் கொண்டுவந்து காட்டினார். பரணிலிருந்து இறக்கிய பொறியில், மார்க்டவுனில் எழுதியது. எட்டுப் படிகள். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. நமக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அவர் நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். வேலையைச் சக்கில் வைத்துச் சாவியால் இறுக்கு என்கிறது நான்காவது. மோட்டாரைப் போடு என்கிறது ஐந்தாவது.

"சாவியைக் கழற்று என்று எழுத மறந்துவிட்டாள், தோழர். அந்தப் பையன் இதைப் படித்து அப்படியே செய்தால் சாவி பறந்து நெஞ்சில் அடிக்கும்" என்றார். அதற்கென்று தனியாக ஒரு படி எழுதி, தடித்த எழுத்தில் எச்சரிக்கையும் போட்டு, இன்றிரவே திருத்தித் தருகிறேன் என்று சொன்னாளாம். சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது.